கோவிந்த நாமத்துடன் சிவாலய ஓட்டம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மேடும் பள்ளமுமான வழியில் அமைந்த பன்னிரு சிவாலயங்களை மகா சிவராத்திரியையொட்டி அடியார்கள் ஓடியே தரிசிப்பர். முஞ்சிறையை அடுத்த திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் நிறைவுறும் இவ்வோட்டம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீள்வது. காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி. நாவிலோ 'கோவிந்தா, கோபாலா' என்னும் திருநாமம்!

சிவனை நாடுவோர் திருமாலை அழைப்பதேன்? திருமால் நாமத்தைக் கேட்கப் பொறாத சிவபக்தனான புருஷாமிருகத்திடம், கண்ணன் அளித்த பன்னிரண்டு உருத்திராட்சங்களுடன் பீமன் சென்றான். கோவிந்த நாமம் கேட்டு அது சினந்து துரத்தவே, ஓர் உருத்திராட்சத்தைக் கீழே வைத்தான். அது சிவலிங்கமாயிற்று; மிருகம் நின்று வழிபட்டது. இவ்வாறு எழுந்தவையே பன்னிரு தலங்கள் என்பது ஐதிகம்.

திற்பரப்பில் அருவி முழங்குகிறது. திருநந்திக்கரையில் குடைவரை குளிர்விக்கிறது. கல்குளத்தில், திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்துக் கோட்டைக்குள் நீலகண்டர் வீற்றிருக்கிறார். நிறைவுத் தலமான திருநட்டாலத்தில் இறைவன் சங்கரநாராயணர். அரியும் அரனும் ஒன்றே என்று அங்கே ஓட்டமும் பகையும் ஒருங்கே ஓய்கின்றன.

ஓட இயலாத முதியோர் வாகனங்களில் சென்று பன்னிரு தலங்களையும் தரிசிக்கின்றனர். வழியோரத்தில் நின்று, களைத்து வரும் அடியார்க்குப் பானகம் வார்ப்பதும் சிவத்தொண்டே ஆகும்.