புத்தளம்: வந்தாரை ஏற்ற உப்புக்கரை

கொழும்பிலிருந்து புத்தளம் வீதி வழியாக வடக்கே செல்பவர்களுக்குச் சிலாபத்தைத் தாண்டியதும் ஒரு மாற்றம் புலப்படும். அடர்ந்த தென்னந்தோப்புகள் மெல்ல விலகும். பற்றைக்காடும் வெண்மணலும் உப்புப் பாத்திகளும் கண்ணிற்படத் தொடங்கும். ஈரமான தென்மேற்கு முடிந்து, வறண்ட வடமேற்கு தொடங்கும் இடம் அது. செய்தியாளனாக அவ்வழியே பலமுறை போயிருக்கிறேன். கனடாவிலிருந்து வந்திருந்த பழைய நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "கற்பிட்டியில டொல்பின் பார்க்கலாமாம். அதைவிட்டால் அங்க வேறென்ன இருக்கு?" அவருக்குச் சொன்ன பதிலையும், சொல்லாமல் விட்ட ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே மோதரகம் ஆறு வரை நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டம். அதன் நடுவே கற்பிட்டிக் குடாநாடு வடக்கு நோக்கி விரல்போல நீள்கிறது. அவ்விரலுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் அகப்பட்ட கடல்தான் புத்தளம் களப்பு. மீ ஓயாவும் கலா ஓயாவும் கொண்டுவரும் நன்னீர் அங்கே உப்புநீரோடு கலக்கிறது. கரையோரக் கண்டற்காடுகளில் மீனும் இறாலும் நண்டும் பெருகுகின்றன. மழை குறைவு, வெயில் கடுமை, காற்று ஓயாது. உப்பு விளைய வேறென்ன வேண்டும்? 'புது அளம்' என்பதே புத்தளமாயிற்று என்பர். சிலாபத்தின் பெயரை, முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவோரும் உளர்.

இக்கரையின் வரலாறு, பெரும்பாலும் வந்து சேர்ந்தவர்களின் வரலாறு. விஜயன் வந்திறங்கியதாக மகாவம்சம் கூறும் தம்பபண்ணி இந்த வடமேற்குக் கரையிலேயே இருந்தது என்பது பரவலான கருத்து. கி.பி. முதலாம் நூற்றாண்டில், செங்கடல் வரிக் குத்தகைக்காரர் ஒருவரின் பணியாள் காற்றில் அடிபட்டு ஹிப்பூரோஸ் என்ற துறையில் கரையொதுங்கியதையும், இந்நாட்டு அரசன் அவனை ஆறு மாதம் உபசரித்ததையும் உரோம அறிஞர் பிளினி எழுதிவைத்தார். கிரேக்க மொழியில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. வில்பத்துக் காட்டின் கடலோரத்திலுள்ள குதிரைமலையே அத்துறை என்று ஆய்வாளர் பலர் கருதுவர். 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா வந்திறங்கிய 'பட்டாள'வும் புத்தளமே என்பர். அங்கே அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது. பயணிக்கு முத்துக்களைப் பரிசளித்து, பாவாத மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்தனுப்பினான் அம்மன்னன்.

பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர். அவர்களையடுத்து வந்த ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டுக்கும் 1676ஆம் ஆண்டுக்கும் இடையில் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டினர். இன்று அது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. இலங்கை பற்றிய ஊர் அகராதியை 1834இலும், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் கூறும் 'தமிழ் புளூட்டாக்' நூலை 1859இலும் ஆங்கிலத்தில் தந்தவர். நம் புலவர்களைப் பிறர் அறியச் செய்த முன்னோடி ஒருவர் இந்த மணற்குடாவிலிருந்து எழுந்தார் என்பதை நம்மிற் பலர் அறியோம்.

பார்க்க வேண்டிய இடங்களுக்குக் குறைவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். கற்பிட்டியிலிருந்து படகில் சென்றால் டொல்பின் கூட்டங்களைக் காணலாம். போர்க்காலத்தில் 1988இல் மூடப்பட்டு, 2003இல் திறந்து, மறுபடியும் மூடப்பட்ட வில்பத்து சரணாலயம் 2010 முதல் திறந்திருக்கிறது. தலவிலையில் புனித அன்னம்மாள் ஆலயம். போர்த்துக்கேயர் இடித்து, பின்னர் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் மீண்டெழுந்த முன்னேஸ்வரம். தமிழ் மீனவக் கிராமமான உடப்பில் திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும். முன்னேஸ்வரத்தில் சிங்கள பௌத்தர்களும் வணங்குகிறார்கள். அன்னம்மாளிடம் எல்லா மதத்தவரும் போகிறார்கள்.

நண்பருக்கு இவ்வளவும் சொன்னேன். இனி, சொல்லாதது.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டியில் வந்திறங்கினர். ஏனையோர் நடந்தும் லொறிகளிலும் வந்தனர். புத்தளத்துப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் அவர்களுக்கு இடமளித்தன. தாமே வசதியற்ற ஓர் ஊர், அத்தனை பேருக்கும் சோறும் கிடுகும் தேடிக் கொடுத்தது.

யாழ்ப்பாண நகரில் அது அக்டோபர் 30ஆம் தேதி நடந்தது. ஜின்னா மைதானத்தில் கூடுமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அப்போது நான் அந்நகரில் மாணவன். அறிவித்தலை நானும் கேட்டேன். எங்கள் ஒழுங்கையில் எவரும் வெளியே வரவில்லை, நானும் வரவில்லை. பயம் என்று சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் பின்னர் கொழும்பில் பத்திரிகைக்காரனான பிறகும் பல ஆண்டுகள் அதைப்பற்றி ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்குப் பயம் மட்டும் காரணமல்ல.

1997இல், பாலாவிக்கு அப்பால் தென்னந்தோட்டம் ஒன்றிலிருந்த முகாமுக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். கிடுகுக் கொட்டில் ஒன்றின் வாசலில் முதிய பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார்.

"மகன் எந்த இடம்?" என்றார்.

"யாழ்ப்பாணம், உம்மா."

சிறிது நேரம் பேசவில்லை. எழுந்து உள்ளே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒரு கோப்பை பிளேன்ரீயுடன் திரும்பி வந்தார்.

"எங்கட வீடு சோனகத் தெருப் பக்கம். கிணத்தடியில ஒரு மாதுளை நிண்டது. நீங்க ஊருக்குப் போனால் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க மகன்."

அவர் கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அன்று எழுதிக் கொடுத்த நீண்ட கட்டுரை, பத்திரிகையில் நாலு வரிச் செய்தியாகச் சுருங்கி வெளிவந்தது. நானும் வாதாடவில்லை.

2002இல் ஏ9 வீதி திறந்தபின் ஊருக்குப் போனேன். அவர் சொன்ன அடையாளங்களைக் கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கூரை இல்லை, கதவு நிலைகளையும் பெயர்த்திருந்தார்கள். மாதுளை மட்டும் கிணற்றடியில் நின்றது, காய்களோடு. அதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை. வேலை, பிறகு மறுபடியும் போர். காரணங்களுக்கா பஞ்சம்?

நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முதற்கட்டம் திறக்கப்பட்ட 2011இல் செய்திக்காகப் போனபோதுதான் அந்தத் தோட்டத்துக்கு மறுபடி சென்றேன். கொட்டில்கள் இருந்த இடத்தில் சிறு கல்வீடுகள். உம்மா காலமாகிவிட்டிருந்தார். மகளிடம் மாதுளையைப் பற்றிச் சொன்னேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

"அங்க போனால் எங்களைப் புத்தளத்தார் எண்டினம். இஞ்ச இன்னும் அகதி எண்டு சொல்லுறவையும் இருக்கினம். பிள்ளைகள் இஞ்சதான் பிறந்து படிக்குதுகள். நாங்க எந்த இடமெண்டு நீங்களே சொல்லுங்க தம்பி."

என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

900 மெகாவாற்று மின்நிலையத்தின் நிலக்கரித் தூசியும் சாம்பலும் பற்றி அயலூரவர்கள் முறையிட்டு வருகிறார்கள். மக்களின் எதிர்ப்பையும் மீறி, 2019இல் கொழும்பின் குப்பையும் அருவக்காட்டுக்கு வரத் தொடங்கியது. இப்படி எவருக்கும் வேண்டாதவற்றையும் இந்தக் கரையின் தலையிலேயே சுமத்துகிறோம். 1990இல் வந்தவர்களோ பொருளல்லர், மனிதர். அவர்களைச் சுமையென்று எண்ணாமல் ஏற்றதே புத்தளத்தின் பெருமை. அவர்களைத் துரத்தியபோது வாய் மூடி இருந்ததில் எனக்கும் பங்குண்டு.

நண்பர் டொல்பின் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பினார். அடுத்த முறை அவர் வரும்போது இதைச் சொல்வேன்: கோட்டையையும் களப்பையும் பார்த்தபின் பாலாவிச் சந்தியில் இறங்கித் தேநீர் குடியுங்கள். யாராவது "எந்த இடம்?" என்று கேட்டால் ஊரைச் சொல்லுங்கள். அவர்கள் ஏதும் சொல்ல விரும்பினால், அவசரப்படாமல் இருந்து கேட்டுவிட்டு வாருங்கள்.