சராசரி தெரியாத வாத்தியார்



நான் செய்த ஒரு தவற்றை இங்கே எழுதப்போகிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாகச் 'சராசரி' கற்பித்துவந்த ஒருவன், ஒரு தந்தையின் முன்னால் சராசரி காணத் தெரியாமல் நின்ற கதை இது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். அவர்தம் மகன் என்னிடம் படித்தவன். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ஏழு ஏ பெற்றுத் தோட்டத்துக் கோயிலில் மாலை மரியாதை வாங்கியவன். (அந்தத் தேர்வே 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது, ஏ எண்ணும் பழக்கம் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை!) பின்னர் டிப்ளோமா படிக்கச் சென்று, முதல் தவணையை முடித்திருந்தான். தந்தையின் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"சார், ஒன்னு புள்ளி ஏழு ஒன்னுன்னு போட்டிருக்கு. நூத்துக்கு ஒன்னே முக்கால்கூட இல்லையா? பையன் படிப்பு வேணாங்குறான். பத்தாங் பெர்ஜுந்தையில பேக்டரி வேலைக்குப் போறேன்னு நிக்கிறான்."

பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. தோட்டத்து மக்களின் நாவில் இன்னும் பழைய பெயர்தான்.

முதலில் அவரை அமர வைத்து, இது நூற்றுக்கு அன்று, நான்கிற்குக் கணக்கிடப்படுவது என்று விளக்கினேன். ஏ என்றால் 4.00, பி 3.00, சி 2.00, டி 1.00. பல்கலைக்கழகத்தில் பி.என்.ஜி.கே. என்பார்கள், சுங்கை ஆயர் தாவாரில் உள்ளது போன்ற பாலிடெக்னிக்குகளில் எச்.பி.என்.எம். என்பார்கள். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே. 2.00-க்குக் கீழே இறங்கினால் நிபந்தனையுடன்தான் படிப்பைத் தொடர முடியும்.

அதன் பிறகுதான் நான் சறுக்கினேன். தாளில் ஐந்து பாடங்கள். கணிதம் டி, இயற்பியல் டி, பொறியியல் வரைகலை சி, ஆங்கிலம் பி, புறப்பாடம் ஏ. ஒன்றும் ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் சேர்ந்தால் பதினொன்று. ஐந்தால் வகுத்தால் 2.20. "அண்ணே, தாளில் தவறு இருக்கிறது. 2.20 வரவேண்டும். மேல்முறையீடு செய்யச் சொல்லுங்கள்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

பையன் கட்டணம் கட்டி விண்ணப்பித்தான். கணக்கு சரியாகவே இருக்கிறது என்ற பதில் வந்தது. கட்டணப் பணத்தை நான் திருப்பித் தந்துவிட்டேன். முகப்பில் அவன் பட்ட வெட்கத்தை எப்படித் திருப்பித் தருவது?

தாளில் இன்னொரு நிரல் இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. கிரெடிட்! கணிதத்திற்கு 4, இயற்பியலுக்கு 4, வரைகலைக்கு 3, ஆங்கிலத்திற்கு 2, புறப்பாடத்திற்கு 1. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்க வேண்டும்: 4, 4, 6, 6, 4. மொத்தம் 24. அதை 14 கிரெடிட்டால் வகுத்தால் 1.71. அவன் வாங்கிய ஏ, ஒரு கிரெடிட் பாடத்தில் கிடைத்தது. இரண்டு டி-யும் சேர்ந்து எட்டு கிரெடிட்டைப் பிடித்துக்கொண்டன.

மன்னிப்புக் கேட்கத் தோட்டத்திற்குச் சென்று இதை விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் சிரித்துவிட்டார். செம்பனை வருவதற்கு முன் பால்மரம் சீவியவர் அவர்.

"இது பால் நிறுக்கிற கணக்குதானே சார்? பத்துக் கிலோ பால் நாப்பது பெர்சென்ட், முப்பது கிலோ பால் முப்பது பெர்சென்ட். ரெண்டையும் ஊத்துனா முப்பத்தஞ்சா வரும்?"

வராது. முதல் வாளியில் காய்ந்த ரப்பர் 4 கிலோ, இரண்டாவதில் 9 கிலோ, மொத்தம் 13. நாற்பது கிலோவில் அது 32.5 விழுக்காடு. கிராணி மெட்ரோலாக்கை முக்கி எடுத்து எழுதும் எண்ணை மட்டும் பார்த்துக் கூலியைக் கணக்கிட முடியாது. வாளியின் எடையும் வேண்டும். நான் எடையை விட்டுவிட்டு எண்களை மட்டும் கூட்டிய கிராணி!

அன்றிரவே மூவரும் அமர்ந்து அடுத்த தவணையைக் கணக்கிட்டோம். 16 கிரெடிட் எடுக்கப்போகிறான். ஆக மொத்தம் 30. ஒட்டுமொத்தம் 2.00 வர 60 புள்ளி வேண்டும். கையில் 24 இருக்கிறது, மீதி 36. பதினாறால் வகுத்தால் 2.25. பையன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினால்தான் தப்பிக்கலாம் என்று அவன் எண்ணியிருந்தானாம். பேக்டரிப் பேச்சு அன்றோடு நின்றது.

அடுத்த தவணையில் 2.50 பெற்றான். 40 புள்ளி. 64-ஐ 30-ஆல் வகுத்தால் 2.13. (1.71-ஐயும் 2.50-ஐயும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள், 2.11 வரும், அது தவறு.)

பெற்றோர்களே, ஒன்றை மட்டும் கவனியுங்கள். தொடக்கத்தில் வாளி சிறிது. ஒரு நல்ல தவணை அதைச் சட்டென்று உயர்த்திவிடும். 75 கிரெடிட் முடித்து 2.13-இல் நிற்பவன், கடைசி 15 கிரெடிட்டிலும் முழுக்க ஏ வாங்கினால்கூட 2.44-தான் எட்டுவான். எஸ்.டி.பி.எம். தேர்வும் 2012 முதல் மூன்று தவணையாக நடப்பதால், ஆறாம் படிவத்துப் பிள்ளைகளின் பெற்றோரும் முதல் தவணை முடிவு வந்தவுடனேயே தாளை வாங்கிப் பார்ப்பது நல்லது. பட்டப்படிப்பில் முதல் வகுப்பு வாங்கினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பி.டி.பி.டி.என். கடனிலிருந்து விலக்குக் கிடைக்கிறது. அந்த முதல் வகுப்புக்கான எல்லை பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் மாறுபடும். முதல் ஆண்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் ஆறாம் ஆண்டில் சராசரி நடத்தி முடித்தபின், பாடநூலில் இல்லாத ஒரு கணக்கைக் கொடுக்கிறேன். பால்வாளி இக்காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆதலால் ஒரு சிறிய கோப்பையில் அடர்த்தியான சிராப், ஒரு பெரிய ஜாடியில் தண்ணீராய்க் கலக்கிய சிராப். இரண்டையும் ஒன்றாய் ஊற்றினால் இனிப்பு எங்கே நிற்கும்? சென்ற முறை பின்வரிசைச் சிறுமி ஒருத்தி, எழுதுகோலை எடுக்காமலேயே, "ஜாடி பக்கமாத்தான் சார்" என்றாள்.