கோட்டைக்கு வடக்கே என்ன இருக்கு?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பாரீஸில் பார்க்க வேண்டிய இடங்கள் பத்து வயதிலேயே மனப்பாடம். முசியே கேட்கக் கேட்க லூவ்ர், நோத்ர்தாம், ஈஃபில் கோபுரம் என்று வரிசையாக ஒப்பிப்போம். பிறகு அரசு வேலை கிடைத்து ராயபுரம் வந்து ஐம்பது வருஷமாகிறது. இதுநாள்வரை எனக்கு வாய்த்த பாரீஸ் நம் பாரீஸ் கார்னர்தான்.

போன தை மாதம் என் தங்கையின் பேத்தி நிஜப் பாரீஸிலிருந்து வந்திருந்தாள். தியாகராய நகர் உறவினர்கள் அவளுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மெரினா, மயிலாப்பூர், சாந்தோம், மாமல்லபுரம். கோட்டைக்கு வடக்கே ஒன்றுகூட இல்லை. "அங்கே என்ன இருக்கு? லாரியும் புகையும்தானே?" என்றாராம் ஒருவர். அதற்குப் பதிலாக இரண்டு நாள் அவளை நானே அழைத்துக்கொண்டு போனேன்.

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் தாணேயிலும் இதற்கு முந்தைய நிலையங்களின் பழைய கட்டடங்கள் இன்று இல்லை, இது நிற்கிறது. "பார்க்க எவ்வளவு டிக்கெட் தாத்தா?" என்று கேட்டாள். "ரயிலுக்குத்தான் டிக்கெட், தூணுக்கு இல்லைம்மா" என்றேன். ஈஃபில் கோபுரமே 1889-இல் இருபது வருஷத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிக் கட்டியதுதான். கம்பியில்லாத் தந்திக்கு உதவியதால் பிழைத்தது. ஏதோ ஒரு உபயோகம் இருந்தால்தான் கட்டடமும் நிலைக்கும் போலிருக்கிறது.

அடுத்து பார்சிகளின் அக்கினிக் கோயில். சிறு வயதில் இறந்த தன் மகன் ஜாலின் நினைவாக ஃபிரோஜ் கிளப்வாலா 1910-இல் கட்டியது. தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இருக்கும் ஒரே கோயில் இது. மற்றவர்கள் வெளியில் நின்றுதான் பார்க்க முடியும். பிறகு ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 17 அன்று கொட்டும் மழையில் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கிய கூட்டம் நடந்த இடம்.

மறுநாள் விடியற்காலையில் காசிமேடு. ஏலக் கூச்சலும் ஐஸ் பெட்டிகளும் வஞ்சிரமும் கூடைக்காரப் பெண்களுமாக ஒரே நெரிசல். அவள் செல்போனைக் கீழே இறக்கவே இல்லை. அங்கிருந்து திருவொற்றியூர். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம். ஆதிபுரீஸ்வரரைக் கவசமில்லாமல் தரிசிப்பது கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும்தான். அன்று வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டு, கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதியில் சற்று உட்கார்ந்தோம்.

கடைசியாக எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். ஒரு பக்கம் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள். இன்னொரு பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததும் இதே தண்ணீரில்தான். வலையும் படகும் கறுத்துப் போய், தொழிலுக்குப் போக முடியாமல் அவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இதையும் எதுக்குத் தாத்தா காட்டறீங்க?" என்றாள்.

"நீ தங்கியிருக்கிற வீட்டில் எரியும் விளக்குக்கும், வந்த காருக்குப் போட்ட பெட்ரோலுக்கும் இந்தப் பக்கம்தாம்மா அடுப்படி. விருந்தாளிக்குக் கூடத்தை மட்டும் காட்டினால் வீட்டைப் பார்த்ததாகாது" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்தப் புகைபோக்கிகளைப் படம் எடுத்துக்கொண்டாள்.

நண்பர்களே, உங்கள் வீட்டுக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் வருவார்கள். மெரினாவைக் காட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு நாளை வடக்கே ஒதுக்குங்கள். இப்போது சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் திருவொற்றியூர் தேரடியிலேயே இறங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, காசிமேடு களையிழந்து கிடக்கும். தை மாதம்தான் தோது. வெயிலும் அவ்வளவாக இருக்காது.