மணற்குன்றும் தறிக்குழியும்

தமிழர் நிலத்தைப் பகுத்தபோது பாலைக்கெனத் தனி நிலம் ஒதுக்கவில்லை. மழை பொய்த்து, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பருவம் மாறி மழை பெய்தால் அந்நிலம் மீண்டும் காடாகும், மலைச்சாரலாகும். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மணலே கிடக்கும் நிலம் தமிழ்நாட்டுப் புலவர்களின் அன்றாடக் காட்சியில் இல்லை. எனினும் ஒட்டகத்தை அவர்கள் அறிந்திருந்தனர். பெட்டை என்னும் பெயருக்கு உரிய விலங்குகளைக் கூறுமிடத்தில், தொல்காப்பிய மரபியல் குதிரை, கழுதை ஆகியவற்றோடு ஒட்டகத்தையும் சேர்க்கிறது. எயிற்பட்டினக் கடற்கரையில் அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமரக் கட்டைகள், படுத்துறங்கும் ஒட்டகங்களைப்போலத் தோன்றியதாகச் சிறுபாணாற்றுப்படை உவமிக்கிறது. அகநானூற்றுப் பாலைப்பாடல் ஒன்றில் ஒட்டகம் உலர்ந்த வெள்ளெலும்பைத் தின்று பசி தீர்க்கிறது. இது கற்பனை என்று தோன்றலாம். ஆனால், மேய்ச்சலில் பாசுவரச் சத்துக் குறையும்போது ஒட்டகம் எலும்பை மெல்லுவதைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் காண்கின்றனர்.

வழிகாட்டியோடு செல்லும் பயணமும் நமக்குப் புதிதன்று. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வழிகாட்டலில் பிறந்தது. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்குக் காஞ்சி செல்லும் வழியை உரைப்பதாக அமைந்ததே பெரும்பாணாற்றுப்படை. உப்பு வணிகரின் வண்டிகள், மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகள், வழியில் கிடைக்கும் உணவு என அப்பாணன் எதையும் விடுவதில்லை. இன்று காஞ்சிக்கு வருவோர்க்கும் வழிகாட்டிகள் உண்டு. ஏகாம்பரநாதர் கோயில், கைலாசநாதர் கோயில், வரதராசப் பெருமாள் கோயில் என்று சுற்றிவிட்டு, இறுதியில் ஆட்டோ ஒரு பட்டுக்கடையின் முன் நிற்கும். கடையின் முகப்பில் ஒரு தறி இருக்கும். அதில் ஒருவர் அமர்ந்து நெய்துகொண்டிருப்பார்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் அப்படிப்பட்ட காட்சித் தறியில் பதினொரு ஆண்டுகள் அமர்ந்தவர். கோர்வை நெசவில் கை தேர்ந்தவர். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் சேலையை மூன்று நாடாக்களைக்கொண்டு நெய்து, இரண்டும் சேருமிடத்தில் இழைக்கு இழை கோத்துப் பிணைக்கும் வேலை அது. இவ்வேலைக்கு வழக்கமாகத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். காட்சித் தறியிலோ சேலை முடிய வேண்டும் என்னும் அவசரமே இல்லை. வந்தவர் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், பிறகு உள்ளே சென்று வாங்க வேண்டும். ஒரு நாளில் நாற்பது முறை அவர் நாடாவை நிறுத்திப் பாவைத் தூக்கிக் காட்டுவார். தம்மை எவரும் இழிவாக நடத்தியதாக அவர் சொல்வதில்லை. கூலி தவறாமல் வந்தது. ஆனால், தாம் நெய்கிறோமா, நெய்வதுபோல் காட்டுகிறோமா என்னும் ஐயம் மாலையில் வீடு திரும்பும்போது அவருக்கு எழும்.

அவருடைய மகளுக்கு வேலை கிடைத்த ஆண்டில், குளிர்காலத்தில் குடும்பத்தோடு இராசசுத்தான் சென்றுவர ஏற்பாடாயிற்று. சோத்பூர்வரை நெடுந்தொலைவு இரயில், அங்கிருந்து செய்சல்மேர். 1156ஆம் ஆண்டு இராவல் செய்சால் எழுப்பிய மஞ்சள் மணற்கல் கோட்டையின் உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். ஒட்டக வணிகத்தின் செல்வத்தால் வளர்ந்த நகரம் அது. பொதிகளோடு வந்த ஒட்டக வரிசைகள் கட்டிய சுங்கத்தாலும் வணிகர்களின் பொருளாலும்தான் அங்குள்ள மாளிகைகளின் கல்சாளரங்கள் உருவாயின. கடல்வழி வணிகம் பெருகியபோது அச்செல்வம் குன்றியது. பிரிவினைக்குப் பின் மேற்கே எல்லை அடைபட, சிந்துக்குச் செல்லும் வழியே இல்லாமற் போயிற்று.

நகருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் சம் மணற்குன்றுகள் உள்ளன. சாலையின் இருமருங்கும் முட்புதர்களும், இடையிடையே வன்னி மரங்களும் நின்றன. விருத்தாசலம் கோயிலின் தலமரமாகத் தமிழர் வணங்கும் அதே வன்னி, இங்குக் கேச்ரி என்னும் பெயரில் இராசசுத்தானின் மாநில மரமாக உள்ளது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம், காய் மனிதர்க்குக் கறி. 1730இல் சோத்பூருக்கு அருகே கேச்ரலி ஊரில் இம்மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தாதேவி முதலாகப் பிசுனோய் மக்கள் 363 பேர் மரங்களைத் தழுவி நின்று உயிர் துறந்தனர். வழிகாட்டி இதனை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, கூடார விடுதியின் உணவு வகைகளைப்பற்றிப் பேசத் தொடங்கினார்.

குன்றுகளின் அடிவாரத்தில் இருவகை ஊர்திகள் காத்திருந்தன. ஒருபுறம் குவாட் பைக் எனப்படும், தடித்த நான்கு சக்கரங்கள் கொண்ட மணல்வண்டிகள். மறுபுறம் வண்ணக் குஞ்சங்கள் அணிந்து மண்டியிட்டிருந்த ஒட்டகங்கள். மகன் வண்டிப் பக்கம் சென்றான். அவனுக்குப் பதினேழு வயது. அவன் தேர்வில் வியப்பில்லை.

அவ்வண்டியின் சக்கரங்களில் காற்றழுத்தம் வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகிறது. சக்கரம் சற்றுத் தட்டையாகி மணலில் பரந்து பதிவதால் புதையாது ஓடும். ஒட்டகத்தின் பாதமும் அவ்வாறே எடை ஏறும்போது விரிந்துகொடுக்கும். பொறியியல் இங்கே விலங்கின் பின்னே சென்றிருக்கிறது. மணற்குன்றுக்கு இரண்டு முகங்கள் உண்டு. காற்று வரும் பக்கம் மெல்லச் சாய்ந்து இறுகியிருக்கும். மறுபக்கம் மணல் நிற்கக்கூடிய இறுதிச் சாய்வில், ஏறத்தாழ 33 பாகையில், செங்குத்தாகச் சரியும். ஏறும்போது உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஓட்டுபவர்க்குத் தெரியாது. விரைவோடு உச்சியைக் கடந்தால் வண்டி கவிழும். மிகத் தயங்கினால் ஏற்றத்திலேயே புதையும். உடன் சென்ற பயிற்றுநர் உச்சிக்குச் சற்று முன்பாக விரைவைக் குறைத்து எட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது குன்றில் மகனுக்கு அந்த அளவு பிடிபட்டது. முகமெல்லாம் மணலாக அவன் திரும்பிவந்து சிரித்த சிரிப்பு உண்மையானது. அதனைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அவ்வண்டிகள் ஒரே தடத்தில் நாள்தோறும் ஓடும் இடங்களில் மணலைப் பற்றி நிறுத்தும் புல் வேரோடு அழிகிறது என்பதும் உண்மை. செய்சல்மேர்–பார்மேர் பகுதியில் 3162 சதுர கி.மீ. பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா உள்ளது. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் தரையில் முட்டையிடும் பறவை. அதற்கு மறைவிடம் அப்புல்தான்.

தந்தை ஒட்டகத்தில் ஏறினார். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும். ஏறியிருப்பவர் முன்னே தள்ளப்படுவார். அவர் கழுத்தோரம் கவிழ, "அப்பா, பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள்" என்று மகள் கூவுவதற்குள் முன்கால்களும் நிமிர்ந்துவிட்டன. வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் பாயும் குதிரைமேல் வீரர்கள் அமர்ந்திருப்பதை அவர் சிறுவயது முதல் பார்த்தவர். கல்லில் அமர்ந்தவர்க்கு அது எளிது.

நடக்கத் தொடங்கியதும் அவருக்கு ஓர் அமைதி வந்தது. குதிரைபோல் மாறுகால் வைத்து நடப்பதில்லை ஒட்டகம். இடப்புறக் கால்கள் இரண்டும் ஒருசேர, பின் வலப்புறக் கால்கள் இரண்டும் ஒருசேர எடுத்துவைக்கும். அதனால் மேலிருப்பவர் உடல் இடமும் வலமும் அசையும். முப்பது ஆண்டுகள் தறிக்குழியில் இடக்கால், வலக்கால் என மிதி மிதித்தவர்க்கு அந்த அசைவு அயலாக இல்லை. இடுப்பு தானாக ஒத்துக்கொண்டது. மூக்குக் குச்சியில் கட்டிய கயிற்றைப் பிடித்து முன்னே நடந்த ஒட்டகக்காரர் திரும்பிப் பார்த்து, இவர் முன்பே ஏறிப் பழகியவரா என்று மகளிடம் இந்தியில் கேட்டார்.

ஒட்டகத்தைப் பற்றி அறியவேண்டியவை பல. திமிலில் இருப்பது நீரன்று, கொழுப்பு. நாளின் வெப்பத்துக்கேற்ப உடல் வெப்பநிலை 34 முதல் 41 பாகை செல்சியசுவரை ஏறி இறங்க விட்டுவிடுவதால், வியர்வையாக வீணாகும் நீர் மிச்சமாகிறது. நெடுநாள் தாகத்துக்குப்பின் பத்து நிமிடங்களில் நூறு லிட்டர் நீரைக் குடித்துவிடும். அதன் குருதிச் சிவப்பணுக்கள் நீள்வட்டமானவை. திடீரெனப் பெருகும் நீரில் அவை வெடிப்பதில்லை. இத்தனை திறமும் வாய்ந்த விலங்கு இந்தியாவில் வேகமாகக் குறைந்துவருகிறது. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 4 இலட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019இல் அது 2.5 இலட்சமாயிற்று. உழவுக்கு டிராக்டர் வந்தது, சுமைக்குச் சரக்குந்து வந்தது, கால்வாய் பாய்ந்த மேய்ச்சல் நிலம் வயலாயிற்று. 2014இல் இராசசுத்தான் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015இல் அதனைக் கொல்வதையும் மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்வதையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. வெளியூர் வாங்குவோர் வராததால் விலை வீழ்ந்தது என்பது வளர்ப்போர் பலரின் முறையீடு. காக்க எழுந்த சட்டமே வளர்ப்பவரின் கையைக் கட்டியது என்றால், குறை சட்டத்தின் நோக்கத்தில் இல்லை. வளர்ப்பவர் எதனால் வாழ்கிறார் என்று முதலில் கேட்காததில் இருக்கிறது.

சவாரியால் வாழ்வு நடக்கிறதா என்று நெசவாளர் கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். குளிர்காலம் நான்கைந்து மாதங்கள் நடக்கிறது, கட்டணத்தில் ஒரு பங்கு அழைத்துவருபவர்க்குப் போகிறது என்றார் ஒட்டகக்காரர். அந்தக் கணக்கு நெசவாளர்க்கு விளக்க வேண்டியதாக இருக்கவில்லை. முன்பு தம் தந்தை பத்து ஒட்டகங்களோடு தொலைவூர்களுக்குச் சுமை ஏற்றிச் சென்றதாகவும், தாம் இந்தக் குன்றைச் சுற்றி நாளைக்கு இருபது முறை நடப்பதாகவும் அவர் சொன்னபோது, மகள் அதனைத் தமிழில் கூறிவிட்டுத் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

உச்சியில் இறங்கியபின் எல்லாரும் மேற்கே கதிரவனைப் படமெடுக்க, நெசவாளரின் கண் ஒட்டகத்தின் வயிற்றில் சென்று நின்றது. சேணத்தைப் பிடித்துநின்ற கச்சை, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்களும் கோணங்களும் கொண்டிருந்தது. முதற்பார்வையில் அது துணி. குனிந்து நோக்கினால் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நாலிழை முறுக்கிய கயிறுகள் மட்டுமே இருந்தன. ஒரு கயிற்றின் முறுக்கை ஊசியால் பிளந்து, அந்தப் பிளவின் வழியே மற்றொரு கயிற்றைச் செலுத்தி, தறியே இன்றி இக்கச்சையைச் செய்கின்றனர். கயிற்றின் இரண்டு இழை கறுப்பு, இரண்டு வெள்ளை எனில், முறுக்கைத் திருப்புவதாலேயே மேலே கறுப்போ வெள்ளையோ வரச் செய்யலாம். தார்ப் பாலையின் ஆண்கள் ஆட்டுமயிரையும் ஒட்டகமயிரையும் நூற்றுச் செய்துவந்த கலை இது. பீட்டர் காலிங்வுட் என்னும் ஆங்கிலேய நெசவாளர் இம்முறையை ஆராய்ந்து 1998இல் தனி நூலே எழுதினார். அதை இப்போது செய்பவர் மிகச் சிலர். மற்ற ஒட்டகங்களின் வயிற்றில் நைலான் பட்டையே இருந்தது.

"என் தந்தை செய்தது" என்றார் ஒட்டகக்காரர்.

கச்சையின் ஓரிடத்தில் இரண்டு கயிறுகள் தேய்ந்து அறுந்து, அங்கே நீல நைலான் நூலால் முடிச்சிடப்பட்டிருந்தது. நெசவாளர் அந்த முடிச்சைத் தொட்டுக் காட்டி, அவிழ்க்கலாமா என்று கையால் கேட்டார். ஒட்டகக்காரர் சற்றுத் தயங்கி, பின் தலையசைத்தார். பழைய பாவின் முனையோடு புதிய பாவின் முனையை ஒவ்வோர் இழையாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பது காஞ்சித் தறிகளில் நடக்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகளை அப்படி இணைத்த விரல்கள் அவருடையவை. கச்சையின் தொங்கல் முனையிலிருந்து இரண்டு மயிர்க்கயிறுகளை உருவி, முறுக்கைத் தளர்த்தி, அறுந்த முனைகளோடு இழைக்கு இழை சேர்த்தார். சாம்பலுக்கு மணலே உதவியது. மயிர் பட்டினும் முரடாக இருந்ததால் முதல் முறை வழுக்கி விட்டது. ஒட்டகக்காரர் அருகே மண்டியிட்டு, ஒரு முனையைப் பற்களால் கடித்துப் பிடித்துக்கொண்டார். இருவர்க்கும் பொதுவான மொழி இல்லாததால் மகள் சிறிது நேரம் நின்று பார்த்தாள். தேவைப்படாததால் தம்பியைத் தேடிச் சென்றாள்.

கீழே ஊர்தி ஒலியெழுப்பியது. வழிகாட்டி குன்றேறி வந்து, நேரமாயிற்று என்றார். வெள்ளை வரவேண்டிய இடத்தில் கறுப்பு வந்திருந்ததால் நெசவாளர் கடைசிப் பிளவைப் பிரித்து மறுபடியும் கோத்தார். ஒட்டகக்காரர் எழுந்து, கச்சையைத் தம் முழு எடையோடு இருமுறை இழுத்துப் பார்த்தார். நாவால் ஓர் ஒலி எழுப்பினார். அடுத்த பயணி சேணத்தில் ஏறி அமர, ஒட்டகம் பின்னங்கால்களை நிமிர்த்தியது.