கோடிட்ட இடம்

ஒரு ஜனவரி மாதத்து காலையில் எங்கள் டீம் சாட்டில் ஒரு செய்தி வந்தது. யெரெவானில் இருந்து வேலை செய்யும் ரஷ்ய நண்பர் எழுதியிருந்தார். தனக்கு ஆஞ்சைனா, இரண்டு நாள் விடுப்பு வேண்டும். அவ்வளவுதான். சென்னையில் நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் பதறிப்போனோம். என் அப்பாவுக்கு ஆஞ்சைனா என்று சொல்லித்தான் ஆஞ்சியோ செய்தார்கள். இவருக்கு நாற்பத்து நான்கு வயது, தனியாக இருக்கிறார், ஊரும் புதுசு. நான் உடனே போன் போட்டேன். நாலாவது ரிங்கில் எடுத்தார். கரகரவென்ற குரலில், "தொண்டையில புண்ணு, எச்சில் முழுங்க முடியல, டீ குடிச்சிட்டு படுத்திருக்கேன்" என்றார்.

ரஷ்ய மொழியில் 'அங்கீனா' என்றால் டான்சில் வீங்கி வரும் தொண்டை வலி. நெஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் ஒரே வேர், இங்கே வந்தால் இதயம், அங்கே போனால் தொண்டை.

இப்படிப்பட்ட சொற்களை ரஷ்யர்கள் 'மொழிபெயர்ப்பாளரின் போலி நண்பர்கள்' என்கிறார்கள். அவர்களுடைய ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களில் இதற்கென்றே பட்டியல்கள் உண்டு. மகஸீன் என்றால் பத்திரிகை இல்லை, கடை. ஃபமீலியா என்றால் குடும்பம் இல்லை, குடும்பப் பெயர். அக்துவால்னி என்றால் 'உண்மையான' இல்லை, 'இப்போதும் பொருந்துகிற'. இந்தக் கடைசிச் சொல் தெரியாததால் நான் பல மாதம் குழம்பியிருக்கிறேன். "இந்த டிக்கெட் இன்னும் ஆக்சுவலா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், இந்த ஆளுக்கு டிக்கெட் நிஜமா பொய்யா என்று சந்தேகம் வருகிறதே, தத்துவம் படித்தவரோ என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்டை சரியானதும் அவர் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். ஆண்டு முடிவு மதிப்பீட்டில் தன் கம்யூனிகேஷன் சரியில்லை என்று எழுதியிருக்கிறார்கள், வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் என்னோடு ஆங்கிலம் பேசிப் பழக முடியுமா என்று கேட்டார். சரி என்று சொன்னேன். அந்த மதிப்பீட்டில் பெயர் போடாத சக ஊழியர் கருத்து என்று ஒரு பகுதி உண்டு. அவர் சொன்ன அந்த வரியை எழுதியவன் நான்தான். அதைச் சொல்லவில்லை.

அவர் நோவோசிபிர்ஸ்க்காரர். 2022இல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பிய எத்தனையோ ஐடி ஆட்களைப் போல ஒரு பெட்டியோடு ஆர்மீனியா வந்து சேர்ந்தவர். சி பிளஸ் பிளஸ்ஸில் எனக்கெல்லாம் வாத்தியார். எனக்கு இரவு எட்டு மணி, அவருக்கு ஆறரை. அவர் கையில் ரேமண்ட் மர்ஃபியின் நீல அட்டை இலக்கணப் புத்தகம் இருந்தது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் கோடிட்ட இடங்களை நிரப்புக. 1985இல் முதலில் வந்த அந்தப் புத்தகத்தை நானும் இன்ஜினியரிங் முதல் வருடத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கியிருக்கிறேன். யாரோ பென்சிலால் எல்லா விடையும் எழுதிவைத்திருந்த பிரதி. அதனாலேயே மலிவாகக் கிடைத்தது, அதனாலேயே நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்ன ஆங்கிலம் படித்தீர்கள் என்று முதல் நாள் கேட்டேன். சிரித்துவிட்டு, குழந்தை ஒப்பிக்கிற மாதிரி, "லண்டன் இஸ் தி கேபிடல் ஆஃப் கிரேட் பிரிட்டன்" என்றார். ரஷ்யப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு எல்லாம் மறந்தாலும் இந்த ஒரு வாக்கியம் மறக்காதாம். ஆங்கிலப் பாடத்தையே கிண்டல் செய்ய இதைத்தான் சொல்வார்களாம். ஒரு தலைப்பைக் கொடுத்து ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்ய வைப்பது, மறுநாள் எழுந்து நின்று ஒப்பிப்பது. எங்கள் ஊர் பசு மாட்டுக் கட்டுரையின் தம்பி.

ஆனால் அந்த வாக்கியத்தில் அவர்களுக்குக் கஷ்டமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று 'இஸ்', இன்னொன்று 'தி'. ரஷ்ய மொழியில் நிகழ்காலத்தில் 'இஸ்' கிடையாது. எழுதும்போது அந்த இடத்தில் ஒரு கோடு போடுவார்கள். லண்டன், ஒரு கோடு, பிரிட்டனின் தலைநகரம். அவர் இதை விளக்கியபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. நமக்கும் கிடையாதே! 'அவர் டாக்டர்' என்றால் வாக்கியம் முடிந்தது. அதன் பிறகு அந்த அரை மணி நேரங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. "எனக்கு முப்பத்து நாலு வயசு" என்று நாம் சொல்வதை அவர்களும் 'எனக்கு' போட்டுத்தான் சொல்கிறார்கள். எனக்குக் குளிருது, எனக்குப் பிடிச்சிருக்கு, என்கிட்ட கார் இருக்கு. ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் ரஷ்யனில் சொல்வார், அச்சு அப்படியே இருக்கும். குளிர்கிறவன் எழுவாய் இல்லை, குளிர் அவனுக்கு நேர்கிறது. ஆங்கிலத்தில் மட்டும்தான் 'நான் குளிராக இருக்கிறேன்' என்று முன்னால் வந்து நிற்க வேண்டும்.

உச்சரிப்பில்தான் அவர் வேறு ஜாதி. கடைசியில் வரும் 'க'வை அவர்கள் வல்லினமாக அழுத்திவிடுவார்கள். 'பக்' என்று அவர் சொன்னால் பூச்சியா முதுகா என்று தெரியாது. நாம் மட்டும் என்ன, 'பக்கு' என்று ஒரு உகரத்தை ஒட்டி அனுப்புகிறோம். குறில் நெடில் வித்தியாசமும் அவர்களுக்கு இல்லை. "ஐ லீவ் இன் யெரெவான்" என்பார். அந்த ஊரை விட்டுக் கிளம்புகிறாரா, அதில் வசிக்கிறாரா? அவர் நிலைமையில் இரண்டுமே உண்மையாக இருந்திருக்கலாம்.

'தி' பக்கம் வந்தபோதுதான் எனக்கு உட்கார முடியாமல் போனது.

நடந்தது இது. மதிப்பீட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாடிக்கையாளருக்கு ஒரே பில் இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் சாட்டில் போட்டார்: "ஐ ஃபிக்ஸ்ட் பக்." நான் அதைப் படித்துவிட்டு, 'தி பக்' சரியாகிவிட்டது என்று மேலே சொன்னேன். மேலே இருந்தவர் வாடிக்கையாளரிடம் சொன்னார். சனிக்கிழமை காலை மறுபடி இரட்டை பில். அவர் சரிசெய்தது தேடும்போது வழியில் தட்டுப்பட்ட வேறொரு சின்னப் பிழையை. பெரியதை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் காலில் முப்பது நிமிடம் நான் திட்டு வாங்கினேன். அந்தச் சூட்டில்தான் அவரைப் பற்றி அந்த வரியை எழுதினேன்.

இப்போது மர்ஃபியின் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அவர் 'எ', 'தி' என்று ஒவ்வொன்றாக யூகிக்கிறார். ஏன் இங்கே 'தி' என்று என்னைக் கேட்கிறார். எனக்கு விடை தெரிகிறது, காரணம் தெரியவில்லை. ரஷ்யனில் இதை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன். சொல் வரிசையில், என்றார். பையன் முதலில் வந்து அறை பின்னால் வந்தால் அது நமக்குத் தெரிந்த பையன். அறை முதலில் வந்து பையன் கடைசியில் வந்தால் யாரோ ஒரு பையன். தமிழில் நாம் 'ஒரு' வைத்தும் 'ஐ' வைத்தும் அந்த வேலையைச் செய்கிறோம். புத்தகம் வாங்கினேன், புத்தகத்தை வாங்கினேன். இரண்டாவதைச் சொன்னால் கேட்பவருக்கு எந்தப் புத்தகம் என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழில் இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, கோடிட்ட இடம் போட்டுப் பரீட்சை வைக்கவில்லை.

அவர் அந்த வெள்ளிக்கிழமை இடத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தார். கோடிட்ட இடத்தில் 'தி' போட்டு நிரப்பியவன் நான். எந்தப் பிழை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

காலங்கள் பற்றிப் பேசியபோது இன்னும் ஒன்று புரிந்தது. ஆங்கிலத்தின் பன்னிரண்டு காலக் கட்டத்தைப் பார்த்தாலே ரஷ்யர்களுக்குக் கிலி. அவர்களிடம் மூன்றுதான். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் கிட்டத்தட்ட இரண்டு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். 'ரெஷால்' என்றால் தீர்க்கிற வேலையில் இருந்தேன், முடிந்ததா என்பது பேச்சில் இல்லை. 'ரெஷீல்' என்றால் தீர்த்துவிட்டேன். தீர்த்தேன் தீர்த்தேன், ஆனால் தீரவில்லை என்று அவர்கள் மொழியில் முரண்பாடு இல்லாமல் சொல்லலாம். நம் 'பண்ணிட்டேன்'இல் இருக்கும் அந்த 'ட்டேன்' கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்கிறது. "சாப்பிட்டியா" என்று கேட்கும் அம்மாவிடம் "சாப்ட்டேன்" என்பதற்கும் "சாப்ட்டுட்டேன்" என்பதற்கும் உள்ள தூரம். எங்கள் இரண்டு பேரிடமும் அதற்குக் கருவி இருந்தது. சாட் பெட்டியில் 'ஃபிக்ஸ்ட்' என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

அவர்மேல் டீமில் எல்லாருக்கும் இருந்த இன்னொரு குறை, முரட்டுத்தனம். "சென்ட் மீ லாக்ஸ்." "செக் இட் அகெய்ன்." ஏதோ ராணுவ உத்தரவு. ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டேவிட்டேன். அவருக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. ரஷ்யனில் 'பிரிஷ்லீ' என்றால் அனுப்பு. பின்னால் ஒரு 'தே' சேர்த்து 'பிரிஷ்லீதே' என்றால் அனுப்புங்க. நீ, நீங்க வித்தியாசம் அவர்களிடமும் உண்டு. "நான் மனசுல 'தே' போட்டுத்தான் எழுதுறேன். ஆங்கிலத்துல போனதும் அது விழுந்துடுது" என்றார். நம் 'ங்க' விழுவது போலத்தான். எனக்கு முதல் வேலையில் ஒரு சீனியர் 'குட் யூ ப்ளீஸ்' என்று ஆரம்பிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. நாங்கள் ஒரு மாலை முழுக்க உத்தரவுகளைக் கேள்விகளாக மாற்றிக்கொண்டிருந்தோம். இவ்வளவு நீளமா சுத்தி வளைச்சா அவங்க வேலை செய்வாங்களா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

மே மாதத்தில் ஒருநாள், பயிற்சி முடிந்து கேமராவை அணைக்கப் போனவரை நிறுத்தி, மதிப்பீட்டில் அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமைக் கதையையும், 'தி' போட்டது நான் என்பதையும்.

"தெரியும்" என்றார்.

எப்படி என்று கேட்டேன். பெயர் இல்லையே.

"'ஹி ஷுட் இம்ப்ரூவ் தி கம்யூனிகேஷன்'னு எழுதியிருந்துச்சு. நான் வேண்டிய இடத்துல 'தி'யை விட்டுடுவேன். வேண்டாத இடத்துல போடுறது டீம்லயே நீங்க ஒருத்தர்தான்."

எனக்கு முகம் சுட்டது. ஜனவரியிலேயே தெரியுமா என்று கேட்டேன். ஜனவரியிலேயே தெரியும், அதனால்தான் உங்களைக் கேட்டேன், என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. திரையைப் பகிர்ந்து அடுத்த பாடத்தைத் திறந்தார். பொதுவாகப் பேசும்போது முன்னால் எதுவும் வராத சொற்கள்: வாழ்க்கை, இசை, வேலை. பன்னிரண்டு வாக்கியங்கள், பன்னிரண்டு காலி இடங்கள்.

"இன்னிக்கு நீங்க நிரப்புங்க" என்றார்.