நின்ற வண்டிக்குப் படி இல்லை

எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் "எத்தனை ஏக்கரா?" என்று கேட்ட கையோடு "எத்தனை வண்டி?" என்றும் கேட்ட காலம் ஒன்று இருந்தது. வண்டி என்றால் லாரி. சங்ககிரி மலைக்கோட்டையின் அடிவாரத்தில், பழைய என்.எச். 47-ன் இரண்டு ஓரத்திலும், லாரியோடு ஏதாவது ஒரு வகையில் ஒட்டாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருவர் புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பார், ஒருவர் டயருக்கு ரீட்ரேடிங் போடுவார், ஒருவர் பைனான்ஸ் நடத்துவார். நாமக்கல்லில் பாடி கட்டுவார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர் போடுவார்கள். எங்கள் ஊரார் லோடு ஓட்டுவார்கள். மழையை நம்பிப் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்த ஜனம் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்பா அதில் இரண்டாம் தலைமுறை. நிலமும் இல்லை, வண்டியும் இல்லை. ஹெவி லைசென்ஸ் மட்டும் இருந்தது.

மாதச் சம்பளம் என்று அவருக்கு ஒன்று கிடையாது. வாடகையில் நூற்றுக்கு இத்தனை என்று படி. லோடு ஏறி வண்டி நகர்ந்தால் படி ஓடும். காலியாகத் திரும்பினால் கைச்செலவுக்கு ஏதோ தருவார்கள். நின்றால் ஒன்றுமில்லை. அன்றைக்கு இது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. வண்டி சம்பாதித்தால்தானே ஓனர் கொடுக்க முடியும், அவருக்கும் டியூ இருக்கிறது, டயர் இருக்கிறது என்று அப்பாவே அவருக்காகப் பேசுவார்.

வண்டி ஊருக்கு வந்தால் கணக்கு நோட்டு என் கைக்கு வரும். அப்பாவின் எழுத்து அவருக்கே புரியாது. சிகரெட் அட்டையிலும் பில்லின் முதுகிலும் கிறுக்கி வைத்ததை அவர் படிக்கப் படிக்க நான் கோடு போட்டு எழுதுவேன். டீசல் இத்தனை லிட்டர். ஏற்றுகூலி, இறக்குகூலி. தும்கூரில் பஞ்சர். ஹூப்ளியில் பட்டைக்கு ஆணி. செக்போஸ்டில் கொடுத்ததை மட்டும் 'வழிச் செலவு' என்று எழுதச் சொல்வார். அந்தத் தலைப்பின் கீழ் எத்தனை ஊர் வந்தாலும் ஓனர் கேட்க மாட்டார், அது ஊரறிந்த விஷயம். அதற்குக் கீழே கிளீனர் படி, டிரைவர் படி. சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பம்பாய் போனவர், கலம்போலியில் ரிட்டர்ன் லோடுக்காக எத்தனை நாள் படுத்துக் கிடந்தார் என்பதற்கு அந்த நோட்டில் இடமே இல்லை. வண்டிக்கு அடியில் பாய் விரித்து, பம்ப் ஸ்டவ்வில் சோறு பொங்கி, காலையிலும் மாலையிலும் புக்கிங் ஆபீஸ் வாசலில் போய் நின்று வந்த நாட்கள் அவை. அதுவும் வேலைதான். வண்டியையும் தார்பாயையும் ஸ்டெப்னியையும் திருட்டுப் போகாமல் காத்தவர் அவர்தான்.

இன்னொன்றும் உண்டு. டீசலுக்கு மைலேஜ் கணக்கு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓனர் வைத்திருப்பார். அதற்கு மேல் எரிந்தால் டிரைவர் தலையில் விழும், மிச்சப்பட்டால் சில இடங்களில் டிரைவருக்கே. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வருகிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பயந்தவர்கள்தான். தொப்பூர் கணவாயில் அப்படி இறங்கி, பிரேக் பிடிக்காமல் போனவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் உண்டு. மறுநாள் பேப்பரில் 'டிரைவரின் அஜாக்கிரதை' என்று போட்டிருந்தார்கள்.

ஜவ்வரிசி என்றதும் ஒரு மழை ஞாபகம் வருகிறது. வடக்கே விரத நாளுக்கு அதுதான் ஆகாரம் என்பதால், நவராத்திரிக்கு முன்னால் சேலத்து ஆலைகளில் லோடு குவியும். கொல்ஹாப்பூர் தாண்டி நல்ல மழை. தார்பாயில் ஒரு கிழிசல். தைத்துக் கொடுங்கள் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். மேல் அடுக்கில் சில மூட்டைகள் நனைந்து கட்டி தட்டிவிட்டன. சரக்குக்காரர் வாடகையில் பிடித்தார். ஓனர் அதை அப்பாவின் படியில் பிடித்தார். அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நனைந்த சாக்கிலிருந்து கொஞ்சம் ஜவ்வரிசி கொண்டு வந்திருந்தார். அம்மா அதை முறத்தில் பரப்பிக் காயவைத்தாள். அந்த மாதம் முழுக்க எங்களுக்குப் பாயசமும் உப்புமாவும். தின்னத் தின்ன எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961-லேயே ஒன்று வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் நடுவில் அரை மணி நேர ஓய்வு. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. எங்கள் ஊரில் முக்கால்வாசி ஓனர்களிடம் இருந்தது ஒரு வண்டி, மிஞ்சினால் இரண்டு. ஒரு டிரைவர், ஒரு கிளீனர். சட்டம் எங்கள் தெருவுக்குள் வரவே வழியில்லை. வந்திருந்தாலும், பெல்காமுக்கும் பூனாவுக்கும் நடுவே ராத்திரி இரண்டு மணிக்கு எட்டு மணி நேரம் முடிந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க யார் இருந்தார்கள்?

கிளீனர்களைச் சொல்லாமல் விட முடியாது. ஏழாவது, எட்டாவது பெயிலான பையன்கள். "போப்பா, மாமங்கூட வண்டிக்குப் போ" என்று வீட்டிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். கண்ணாடி துடைப்பது, ரிவர்ஸ் பார்ப்பது, கயிறு இழுத்துக் கட்டுவது, சமைப்பது, டிரைவர் தூங்கிவிடாமல் பேசிக்கொண்டே வருவது. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வேலை. அதற்குச் சோறும் கொஞ்சம் படியும். ஸ்டியரிங் தொட விடுவதே தனிச் சம்பளம் மாதிரி. வெட்டவெளியில், விடியற்காலையில், டிரைவருக்கு மனசு இருந்தால் பையனை உட்கார வைப்பார். அப்படி அப்பாவிடம் பழகிய ஒருவர் பிற்பாடு நாலு வண்டிக்கு ஓனரானார். அப்பா அதைச் சொல்லும்போது பொறாமையே இருக்காது. தன் பிள்ளை படித்துப் பாஸான பெருமைதான் குரலில் இருக்கும்.

அங்கேதான் சூட்சுமம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கூலி பற்றாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஓட்டினார்கள் என்றால், கூலியோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் சேர்ந்து வந்தது. கிளீனர் டிரைவராவான், டிரைவர் கூட்டில் சேர்ந்து பழைய வண்டியில் பங்குக்காரர் ஆவார், பங்குக்காரர் தனி வண்டி வாங்குவார். பக்கத்து வீட்டிலேயே அப்படி ஆனவர் இருந்தார். ஓனரும் ஒரு காலத்தில் கை கறுக்க ஸ்பேனர் பிடித்தவர்தான். அதனால்தான் டிரைவர் அவரை முதலாளி என்று கூப்பிடாமல் "ஏனுங்ணா" என்று கூப்பிட முடிந்தது. இன்றைய கஷ்டத்துக்கு நாளைய வண்டி ஈடு. அந்த நாளை எத்தனை பேருக்கு வந்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு அது கால் பங்காக வந்தது. நாலு பேர் கூட்டு, ஒரு பழைய லேலண்டு. அம்மாவின் தோடும் ஒரு ஜோடி வளையலும் அதற்குள் போயின. நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்ப் பாடியை மாற்றிக் கட்டி, நெற்றியில் நாலு பேர் குலசாமி பெயரையும் இடமில்லாமல் நெருக்கி எழுதி, ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். அந்த ஒரு வருஷம் அப்பா நடக்கும் நடையே வேறு. பிறகு வாடகை இறங்கி, டியூ ஏறி, ஒரு நாள் சேலத்துக்குப் பக்கத்தில் பைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா மறு வாரமே இன்னொருவர் வண்டியில் படிக்கு ஏறினார்.

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்து, பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர்கள் தாக்கப்பட்ட நாட்கள். அப்பா லாசல்காவில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. அம்மா புக்கிங் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். ஆபீசில் போன் அடித்தால் பத்துப் பெண்கள் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். அப்பா மகாராஷ்டிர எல்லைக்குள்ளேயே, காகல் பக்கம் ஒரு தாபாவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது வெங்காயம் முளைவிட்டிருந்தது. நின்ற நாட்களுக்குப் படி உண்டா என்று அம்மா கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். "உசுரு வந்துருச்சல்ல கண்ணு" என்றார் அப்பா. 2016 செப்டம்பரில் மறுபடியும் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்ததை டி.வி.யில் பார்த்தபோது அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவின் இடது காலில் கெண்டைக்குக் கீழே தோல் கறுத்துத் தடித்திருக்கும். என்ஜின் கேபினுக்குள்ளேயே மூடி போட்டு உட்கார்ந்திருந்த வண்டிகள் அவை; அந்த அனலில் வருஷக்கணக்காக வெந்த கால். கோடையில் ஈரத்துண்டைத் தொடையில் போட்டுக்கொண்டு ஓட்டுவார். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் லோடோடு வளைத்து வளைத்துத் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இதைவிடப் பெரிய விலை கொடுத்த வீடுகளும் உண்டு. 1990-களின் பிற்பாதியில், எச்.ஐ.வி. அதிகம் காணப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் பெயர் வாங்கியபோது, எங்கள் தெருவிலும் சில வீட்டுக் கதவுகள் பகலிலேயே சாத்தப்பட்டன. புருஷன் போன ஆறேழு மாதத்தில், வீட்டைவிட்டு எங்கும் போகாத பெண்டாட்டி போனாள். ஊர் டிரைவரைப் பேசியது. மாதக்கணக்கில் வீடு சேர விடாத பிழைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் "டிரைவருக்குப் பொண்ணு தர மாட்டோம்" என்ற பேச்சு வாய்விட்டு வந்தது.

இப்போது ரோடு அகலமாகிவிட்டது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிக வரிச் செக்போஸ்டுகள் போயின. வாளையாறில் மைல் கணக்கில் நின்ற வரிசை போயிற்று. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக். வண்டி எங்கே நிற்கிறது என்று ஓனர் போனிலேயே பார்க்கிறார். கிளீனர் என்ற ஆளையே காணோம். அவன் பார்த்த வேலையையும் டிரைவரே பார்க்கிறார், அவனுடைய படி மட்டும் சேரவில்லை. பேச்சுத் துணைக்குச் செல்போன். வண்டிகள் பெரிதாகிவிட்டன, விலையும் அப்படியே. கால் பங்குக்குத் தோடு போதாது. டிரைவர் ஓனராகும் பாதை அடைபட்ட பிறகு பையன்கள் ஏன் வருவார்கள்? நாட்டில் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். எங்கள் ஊர் வண்டிகளில் இன்று பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் இருக்கிறார்கள். போன தடவை ஊருக்குப் போனபோது டீக்கடையில் ஒரு பையன், சங்ககிரியில் ஏறி குவாஹாத்தி வரை தனியாக ஓட்டிப் போவதாகச் சொன்னான். தனியாகவா என்றேன். இரண்டாவது டிரைவர் வைத்தால் படி பாதியாகிவிடும் என்றான்.

அப்பா இப்போது திண்ணையில்தான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று பேப்பரில் வந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். காலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நல்லதுதான். அதுக்கு எரியிற டீசலு யாரு கணக்கு?"

"ஓனர் கணக்காத்தாம்ப்பா இருக்கும்."

"மைலேஜ் குறையுமே கண்ணு. ஓனரு கேப்பாரு. பையன் ஏ.சி.யை நிறுத்திப்போட்டு, கண்ணாடிய எறக்கி உட்டுக்கிட்டு ஓட்டுவான், பாரு."