ஐந்தாமவர்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் போடிமெட்டு ஏறும் ஜீப்புகள் நம் நினைவில் எழுகின்றன. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நால்வகைப்பட்டது மருத்துவம் என்கிறார் வள்ளுவர். நம் காலம் அங்கே ஐந்தாமவர் ஒருவரையும் சேர்த்துவிட்டது.

விடியுமுன்னரே போடிநாயக்கனூர்ப் பெண்களைச் சுமந்துகொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் போகின்றன. காய்ச்சலென்று ஒருநாள் படுத்தால் அன்றைய கூலி இல்லை. ஆகவே மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுக் காயெடுக்கப் போவதுண்டு. அது ஆன்டிபயாடிக்காக இருந்தால், காய்ச்சலுக்குக் காரணமான வைரசை அது தொடுவதில்லை. உடலிலுள்ள பாக்டீரியாக்களில் வலுவற்றவை மடிய, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. அத்திறனுக்குரிய மரபணுவை வேற்றினப் பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றுகின்றன. இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாக உண்டால் கேடு உண்டவருக்கே. இங்கோ, முகமறியாத அயலார் ஒருவர் பின்னொருநாள் மருந்து கேளாத நோயில் கிடக்கக்கூடும். அவரே ஐந்தாமவர்.

இது கற்பனை அச்சமன்று. கார்பபெனம் போன்ற வலிய மருந்துகளையும் முறிக்கும் என்.டி.எம்-1 நொதி சென்னையிலும் ஹரியானாவிலும் திரட்டிய மாதிரிகளில் காணப்பட்டதை 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழ் வெளியிட்டது. புதிய ஆயுதங்களும் வருகின்றன. சென்னை ஆர்க்கிட் நிறுவனம் கண்டறிந்த என்மெட்டசோபாக்டம், செஃபெபைம் மருந்துடன் இணைந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. பாக்டீரியாவின் சில நொதிகளை மடக்கிப் பழைய மருந்துக்கு உயிரூட்டுவது அதன் உத்தி. பெருமைதான், எனினும் என்.டி.எம்-1 அதற்கு அடங்குவதில்லை.

ஆதலால், இருக்கும் மருந்தைக் காப்பதே முதல் உத்தியாகிறது. எச்-1 பட்டியல் மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாது, விற்பனையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நாடெங்கும் உண்டு. மலையின் மறுபுறத்துக் கேரளம் 2018இல் தனிச் செயல்திட்டம் வகுத்தது. 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது. ஆன்டிபயாடிக்கை நீல உறையிலிட்டுத் தரும் முறையையும் கொணர்ந்தது.

நல்ல முயற்சிகளே. ஆனால், காலையில் ஒரு மாநிலத்திலும் இரவில் மற்றொன்றிலும் இருக்கும் அப்பெண்ணுக்கு, ஜீப் திரும்பிய பிறகும் திறந்திருக்கும் மருத்துவமனையும், காய்ச்சல் நாளுக்கான கூலியும் வேண்டும். அவை கிடைக்காதவரை அவர் அந்த இரண்டு மாத்திரையைத் தேடிக்கொண்டுதான் இருப்பார். அவரைக் குறைசொல்ல நம்மால் இயலவில்லை.